எந்த ‘மிங்’?

சீனப் பெயர்களில் அடிக்கடி காதில் விழும் ‘மிங்’ பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி (கிள்ளான்): எங்கள் அலுவலகத்தில் மூன்று சீனர்களின் பெயரில் ‘மிங்’ வருகிறது. மூன்றுக்கும் ஒரே பொருள்தானா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரை மட்டும் பார்த்துச் சீனப் பெயருக்குப் பொருள் சொல்லக் கூடாது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ‘மிங்’ என்று அச்சு அசலாக ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகள் ஒரு டஜனுக்குக் குறையாது. பெயர்களில் வழக்கமாக வருபவை ஐந்து. வெளிச்சத்தைக் குறிப்பது ஒன்று. பெயரையும் புகழையும் குறிப்பது ஒன்று. பறவை கூவுவதற்கு ஒன்று. உலோகத்திலோ கல்லிலோ பொறிப்பதற்கு ஒன்று. தேயிலைத் தளிருக்கு ஒன்று.

சீனர்களுக்கே இந்தச் சிக்கல் உண்டு. நாம் ‘சின்ன ர-வா, பெரிய ற-வா?’ என்று கேட்கிறோமே, அதுபோல அவர்கள் ‘நா க மிங்?’ என்று கேட்பார்கள். எந்த மிங் என்று அர்த்தம். வெளிச்ச மிங்காக இருந்தால் ‘ரி யுவே மிங்’, அதாவது சூரியன்–நிலவு மிங் என்று பதில் வரும். சிலர் ‘மிங்தியென் த மிங்’ என்பார்கள். ‘நாளை’ என்ற சொல்லில் வரும் மிங். புகழ் மிங் என்றால் ‘சிங்மிங் த மிங்’, ‘பெயர்’ என்ற சொல்லில் வரும் மிங். கூவும் மிங்கில் இடப்பக்கம் வாய், வலப்பக்கம் பறவை. அப்படியே சொல்லி விளக்குவார்கள். பொறிக்கும் மிங்கில் உலோகமும் ‘பெயர்’ எழுத்தும் சேர்ந்திருக்கும். தேயிலை மிங் அதே ‘பெயர்’ எழுத்தின் தலையில் புல் முளைத்தது.

உங்கள் அலுவலக நண்பர்களிடம் தயங்காமல் இதே கேள்வியைக் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயரில் அக்கறை காட்டுவதாகவே நினைப்பார்கள். இனி இந்தப் பக்கங்களில் ‘மிங்’ என்றால், வேறு மாதிரி சொல்லாதவரை, சூரியன்–நிலவு மிங்தான்.

கேள்வி (சேலம்): அதைச் சரியாக எப்படி உச்சரிப்பது?

பதில்: இரண்டு இடத்தில் நமக்குச் சறுக்கும். முதலாவது, கடைசி ஒலி. நாம் ‘மிங்க்’ அல்லது ‘மிங்கு’ என்று ககரத்தைச் சேர்த்துவிடுவோம். ‘அங்ஙனம்’ என்பதில் ஙகரம் மூக்கிலேயே நிற்கிறதல்லவா, அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, குரலின் போக்கு. மாண்டரினில் நான்கு தொனிகள். வெளிச்ச மிங் இரண்டாவது தொனி. கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து ‘யாரு?’ என்று கேட்கும்போது குரல் மேலே ஏறுமே, அந்த ஏற்றம். அதட்டுவதுபோல் மேலிருந்து கீழே இறக்கினால் நான்காவது தொனி. பொருள் ‘விதி, உயிர், கட்டளை’ என்று மாறிவிடும். தாழ்த்தி வளைத்து மூன்றாவது தொனியில் சொன்னால், குடித்து நிலைதடுமாறுவதைக் குறிக்கும் சொல்லின் முதல் அசை அது. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் பெயரை மட்டும் தனியாகக் கூப்பிடும்போது புரிந்துகொள்ள இடம் ஏது?

கேள்வி (கோயம்புத்தூர்): சூரியனையும் நிலவையும் சேர்த்தால் வெளிச்சம் என்று இணையத்தில் அழகாகச் சொல்கிறார்கள். உண்மையா, கட்டுக்கதையா?

பதில்: உண்மைதான், ஆனால் பாதிக் கதை. சீன எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெருந்தொகுதி, ஷாங் அரசர்கள் குறி கேட்கப் பயன்படுத்திய ஆமை ஓடுகளிலும் மாட்டு எலும்புகளிலும் இருப்பது. காலம் ஏறத்தாழ கி.மு. 13 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. இடம் இன்றைய ஹெனான் மாநிலத்து ஆன்யாங். கத்தியால் எலும்பைக் கீறும்போது வட்டம் சரியாக வராது, அதனால் சூரியன் கோணல்மாணலான கட்டமாகி உள்ளே ஒரு புள்ளியோ கோடோ பெற்றது. நிலவைப் பிறையாகவே வரைந்தார்கள். முழுநிலவாக வரைந்தால் சூரியனோடு குழம்பிவிடும்.

இந்த எலும்புகளிலேயே மிங்குக்கு இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. ஒன்று சூரியனும் நிலவும். மற்றொன்று நிலவும் சன்னலும்: அழி போட்ட வட்டச் சன்னல், பக்கத்தில் பிறை. சன்னல் வழியே நிலவொளி விழும் அறை என்று அதைப் படிக்கலாம். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த ‘ஷூவோவென் ஜியெட்சு’ என்ற அகராதி சன்னல் வடிவத்தைத்தான் தலைச்சொல்லாகக் கொடுக்கிறது. சூரியன் வடிவத்தை ‘பழைய எழுத்து’ என்று கீழே சேர்த்திருக்கிறது. பின்னால் தூரிகை எழுத்து பரவியபோது எழுத எளிதான சூரியன் வடிவம் நிலைத்தது, சன்னல் ஒதுங்கிக்கொண்டது. (அந்தச் சன்னல் எழுத்து தனியாகவும் உண்டு, ‘ஜியோங்’ என்று ஒலிக்கும். புருவம் தொங்கிய அசட்டு முகம்போல் இருப்பதால் 2008 வாக்கில் சீன இணையத்தில் ‘மானம் போச்சு’ என்று சொல்லும் முகக்குறியாக மறுபிறவி எடுத்தது.)

எலும்பு எழுத்துகளில் இந்தச் சொல் விடியற்பொழுதைக் குறித்தே வருகிறது. நிலவு இன்னும் மறையவில்லை, சூரியன் எட்டிப் பார்க்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றப் பொருள்கள் வரிசையாக வரும். விடிந்தால் மறுநாள், அதனால் ‘மிங்தியென்’ நாளை, ‘மிங்நியென்’ அடுத்த ஆண்டு. விடிந்தால் பொருள்கள் தெரியும். அதனால் தெளிவு, புரிதல், கண்பார்வை. ‘மிங்பாய்’ என்றால் புரிந்தது. ‘மிங்கை இழந்தவர்’ என்றால் பார்வை இழந்தவர். ‘சோங்மிங்’ என்றால் புத்திசாலி. காதும் கூர்மை, கண்ணும் கூர்மை.

ஒரு எச்சரிக்கை. இந்த எழுத்து இவ்வளவு அழகாகப் பிரிகிறது என்பதற்காக எல்லாச் சீன எழுத்துகளையும் படப் புதிராக உடைக்கக் கிளம்பாதீர்கள். பெரும்பாலானவற்றில் ஒரு பாதி பொருளுக்குக் குறிப்பு, மறு பாதி ஒலிக்குக் குறிப்பு, அவ்வளவே. நிலவு வடிவமே ஏமாற்றும். கல்லீரல், மூளை, பாதம் ஆகியவற்றின் எழுத்துகளிலும் இடப்பக்கம் நிலவு நிற்பதுபோல் தெரியும். அது நிலவல்ல, ‘இறைச்சி’ எழுத்து தேய்ந்து அப்படி ஆனது. ‘நண்பன்’ என்பதன் எழுத்தில் இரண்டு நிலவு அடுத்தடுத்து நிற்கும். இரண்டு நிலவுபோல் சேர்ந்திருப்பதால் நண்பர்கள் என்று கவிதை பாடுவார்கள்; அது தொடக்கத்தில் கயிற்றில் கோத்த இரண்டு சோழிச்சரம், பழைய காலத்துப் பணம்.

கேள்வி (சிங்கப்பூர்): நண்பரின் பெயர்க் கல் முத்திரையில் ‘மிங்’ எழுத்தின் இடப்பக்கம் சூரியனாக இல்லை, உருண்டையாக, உள்ளே கோடுகளோடு ஏதோ இருக்கிறது. செதுக்கியவர் தவறிவிட்டாரா?

பதில்: தவறவில்லை, தொழில் தெரிந்தவர். முத்திரைகள் பெரும்பாலும் பழைய முத்திரை எழுத்தில் செதுக்கப்படும். அதில் மிங்குக்கு மேலே சொன்ன சன்னல் வடிவமே மரபு.

புதிதாக முத்திரை செய்யக் கொடுப்பவர்கள் சிலவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எழுத்து சிவப்பாக விழ வேண்டுமா, சிவப்புப் பின்னணியில் வெள்ளையாக விழ வேண்டுமா? முன்னதற்கு எழுத்தைச் சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி நீக்குவார்கள். பின்னதற்கு எழுத்தையே குழிப்பார்கள். தனிநபர் முத்திரைக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் சதுரம் போதும். பெயர் மூன்றெழுத்து என்றால் சதுரம் நிரம்ப ‘முத்திரை’ என்ற எழுத்தை நான்காவதாகச் சேர்ப்பது வழக்கம். படிப்பது வலமிருந்து இடம், மேலிருந்து கீழ். குடும்பப்பெயர் வலது மேல் மூலையில் வரும். இடமிருந்து வலமாக அடுக்கிக் கொடுத்துவிட்டால் பெயரே மாறிப்போகும். மாதிரியைக் காகிதத்தில் ஒற்றிக் காட்டச் சொல்லி, நண்பர் கண்ணில் காட்டிய பிறகே கல்லில் கை வைக்கச் சொல்லுங்கள். கல்லில் ரப்பர் போட்டு அழிக்க முடியாது.

கேள்வி (மதுரை): சீன நண்பர் ஒருவருக்கு மரப்பலகையில் இந்த எழுத்தை வரைந்து பரிசளிக்க விரும்புகிறேன். எப்படி எழுதுவது?

பதில்: மொத்தம் எட்டுக் கோடு, சூரியனுக்கு நான்கு, நிலவுக்கு நான்கு. முதலில் ஐந்து சென்டிமீட்டர் கட்டம் போட்டுக் காகிதத்தில் பழகுங்கள்.

சூரியன்: இடப்பக்கத்து நெடுங்கோடு முதலில். அடுத்து மேல்கோட்டை இடமிருந்து வலம் இழுத்து, பேனாவை எடுக்காமல் அப்படியே மடக்கிக் கீழே இறக்குங்கள். இது ஒரே கோடு. பிறகு நடுக்கோடு. கடைசியாக அடிக்கோடு போட்டு மூடுங்கள். வீட்டுக்குள் ஆள் போன பிறகு கதவைச் சாத்துவது என்று சீனப் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கைச் சொல்லிக்கொடுப்பார்கள். நிலவு: இடக்கோடு நேராக இறங்கி, அடியில் மட்டும் இடப்பக்கமாகச் சாய வேண்டும். அடுத்தது மேல்கோடு, மடங்கி நேராக இறங்கி, அடியில் உள்நோக்கி ஒரு சின்னக் கொக்கி. பிறகு உள்ளே இரண்டு குறுங்கோடுகள். அடி திறந்தே இருக்கும்.

இப்போது எங்கே கெடும் என்று பாருங்கள். நிலவின் அடியை மூடிவிட்டால் அது ‘கண்’ எழுத்து. சூரியனுக்குள் நடுக்கோடு இரண்டாகிவிட்டால் அதுவும் கண். கண்ணும் நிலவும் சேர்ந்த மிங் ஒரு பழைய மாற்று வடிவமாக உண்மையிலேயே உண்டு. ஜீனான் நகரத்து தாமிங் ஏரியின் பெயர்ப்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, பார்க்கிறவர்கள் ஒரு கோடு கூடுதல் என்று விரலை நீட்டுவார்கள். ஏரிக்கு அது அழகு. நீங்கள் எழுதினால் பிழை என்றே எண்ணுவார்கள். இரண்டு பாதியையும் ஒரே அகலத்தில் போட்டு நடுவில் இடைவெளி விட்டுவிடுவதும் வழக்கமான தவறு. அப்போது ‘சூரியன்’, ‘நிலவு’ என்று இரண்டு எழுத்தாகப் படிக்கும். ஐந்து சென்டிமீட்டர் கட்டத்தில் சூரியனுக்கு ஏறத்தாழ இரண்டு, நிலவுக்கு அதைவிடச் சற்று அதிகம் என்று அகலம் கொடுங்கள். சூரியன் கொஞ்சம் மேல்வாட்டில் குறுகி நிற்கட்டும். நிலவின் கால்கள் அதைவிடக் கீழே இறங்கட்டும்.

கண்ணாடியிலோ ஸ்டிக்கரிலோ அச்சடிக்கக் கொடுத்தால் இடவலம் மாறி வரும் ஆபத்து உண்டு. நிலவு வலப்பக்கம், கொக்கி உள்நோக்கி: இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள். ஒரு நிம்மதி, இந்த எழுத்து சீனாவின் எளிய வடிவத்திலும் தைவான், ஹாங்காங்கின் பழைய வடிவத்திலும் ஜப்பானிலும் ஒன்றே. குடும்பப்பெயருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சேர்த்து எழுதுவதானால் நண்பர் எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (பினாங்கு): ‘பெங்’ என்ற பெயரும் இதே எழுத்துதான் என்கிறார்களே? வியட்நாமியரின் ‘மின்’னும் இதுவா?

பதில்: ஆமாம். எழுத்து ஒன்று, வாய் பல. மாண்டரினிலும் கண்டோனீசிலும் மிங், மற்றச் சீன வட்டார மொழிகளில் மாறும்: ஹொக்கியனில் பெங், தியோசூவில் மெங், ஹாக்காவில் மின். உங்கள் ஊரில் ஏப்ரல் தொடக்கத்தில் கல்லறைகளைத் துப்புரவாக்கிப் படையல் வைக்கும் ‘செங் பெங்’ நாளின் பெங் இதுவே. மாண்டரினில் அதுதான் ‘சிங்மிங்’. ‘தூய, வெளிச்சமான’ என்று பொருள். வசந்தகாலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளிலிருந்து 15ஆம் நாள் அது.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த நாளில் முன்னோருக்காக எரிக்கும் காகிதப் பணத்துக்கு மாண்டரினில் ‘மிங்பி’ என்று பெயர். அந்த மிங் வேறு. இருள், மறுஉலகம் என்று பொருள். ஒலியும் தொனியும் அதேதான், பொருள் நேர் எதிர். காதால் மட்டும் கேட்டுக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சீனாவுக்கு வெளியே, கொரியாவில் அது மியோங். அதிபராக இருந்த லீ மியுங்-பாக் பெயரின் நடுவில் வருவது. வியட்நாமில் மின், ஹோ சி மின் என்பதில் ‘சி’ மனவுறுதி, ‘மின்’ வெளிச்சம். அது அவர் பிற்பாடு சூட்டிக்கொண்ட பெயர். ஜப்பானில்தான் தலை சுற்றும். சீனத்திலிருந்து வாங்கிய ஒலிப்புகள் ‘மெய்’, ‘மியோ’. 1868 முதல் 1912 வரையிலான மெய்ஜி காலத்தின் பெயரில் முதல் எழுத்து இது. தனிப்பெயரில் சொந்த மொழிச் சொல்லாக ‘அகி’ என்றும் ‘அகிரா’ என்றும் படிப்பார்கள். திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவாவின் அகிரா இந்த ஒரே எழுத்து. அதற்காக எல்லா அகிராவும் இது என்று நினைக்க வேண்டாம். அகிரா என்று படிக்கத்தக்க வேறு எழுத்துகள் பல உண்டு. ஜப்பானியப் படிவங்களில் பெயருக்கு மேலே ஒலிப்பை எழுதத் தனி வரி விட்டிருப்பது இதனால்தான்.

எதிர்த்திசையிலும் குழப்பம் உண்டு. ‘மெங்’ என்று எழுதியிருந்தால் தியோசூக்காரரின் வெளிச்சமாக இருக்கலாம். மாண்டரின் பேசுபவரின் ‘மெங்’ என்ற குடும்பப்பெயராகவும் இருக்கலாம், மென்சியஸ் என்று உலகம் அறிந்த தத்துவஞானியின் குடும்பப்பெயர் அது. ஹாக்காவின் ‘மின்’னும் ‘சுறுசுறுப்பு’ என்ற மாண்டரின் ‘மின்’னும் இப்படித்தான் மோதிக்கொள்ளும். தாத்தா எந்த வட்டார மொழிக்காரர் என்று தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

கேள்வி (கொழும்பு): மிங் அரச வம்சத்துக்கும் இந்தப் பெயருக்கும் என்ன தொடர்பு? மிங் என்று பெயருள்ளவர்கள் அந்த வம்சத்தாரா?

பதில்: எழுத்து ஒன்று, உறவு கிடையாது. 1368 முதல் 1644 வரை ஆண்ட அந்த அரசர்களின் குடும்பப்பெயர் ஜூ. தோற்றுவித்தவர் ஜூ யுவான்ஜாங். ‘தா மிங்’, அதாவது பெரும் வெளிச்சம், என்பது அவர் அரசுக்குச் சூட்டிய பெயர். அவர் முன்பு சேர்ந்திருந்த கிளர்ச்சிக் கூட்டங்களில் ஒளியைப் போற்றும் மணி மதத்தின் (Manichaeism) சாயல் இருந்தது, அதனால் வந்த பெயர் என்று ஒரு கருத்து நெடுநாளாக உண்டு; ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை.

மிங் என்பது குடும்பப்பெயராகவும் அருகி வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் சுங்சிங்கில் தனியரசு நடத்திய மிங் யூஜென் அப்படிப்பட்டவர். அவர் மகன் தோற்றபின் 1372இல் கொரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள மியோங் குடும்பத்தார் தங்கள் வழியை அவரிடமிருந்து சொல்வார்கள். அவரை வென்றது எந்த அரசு என்கிறீர்கள்? மிங் அரசு!

நீங்கள் கொழும்புக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறோம். உங்கள் தேசிய அருங்காட்சியகத்தில், 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, மிங் அரசின் கடற்படைத் தளபதி ஜெங் ஹேயின் கப்பற்படை கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. சீனப் பகுதி ‘தா மிங் ஹுவாங்தி’, பெரும் மிங் பேரரசர், என்று தொடங்குகிறது. சீனப் பகுதியின் வலது ஓரத்து முதல் நெடுவரியில் மேலிருந்து இரண்டாவது எழுத்தைத் தேடுங்கள். நம் தமிழ் எழுத்தோடு ஒரே கல்லில் அது 600 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

கேள்வி (திருச்சி): அந்த அரசு வீழ்ந்த பின் இந்த எழுத்தைப் பெயரில் வைக்கத் தடை இருந்ததா?

பதில்: பெயரில் தடை இல்லை. அடுத்து வந்த சிங் அரசர்களே தங்கள் அரண்மனைத் தோட்டத்துக்கு ‘யுவான் மிங் யுவான்’ என்று இதே எழுத்தை வைத்துப் பெயரிட்டார்கள். 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கொள்ளையடித்து எரித்தது அதைத்தான். ஆனால் இடம் தவறி வந்தால் இந்த எழுத்து ஆளைக் கொன்றது. 1778இல் நடந்த வழக்கு இது. ஜியாங்சு மாநிலத்து ஷூ ஷூகுய் என்பவர் எழுதிவைத்த ஒரு கவிதை வரி: ‘நாளைக் காலை சிறகு விரிப்பேன், ஒரே வீச்சில் தூய நகர் சேர்வேன்’. சாதுவான வரிதான். சிக்கல் எங்கே என்றால், ‘மிங்’ எழுத்தை அடுத்து வந்த எழுத்துக்கு இரண்டு ஒலிப்பு. ‘ஜாவ்’ என்று படித்தால் காலை. ‘சாவ்’ என்று படித்தால் அரச வம்சம். ‘தூய’ என்பதற்கான எழுத்து ‘சிங்’. ஆளும் வம்சத்தின் பெயரும் அதுவே. ‘செல்’ என்ற எழுத்துக்கு ‘அகற்று’ என்றும் பொருள் உண்டு. ஆக, ‘மிங் வம்சம் சிறகு விரிக்கும், சிங் தலைநகரை அகற்றும்’ என்று சியென்லுங் பேரரசரின் அதிகாரிகள் படித்தார்கள். கவிஞர் அதற்கு முன்பே இறந்திருந்தார். கல்லறையைத் தோண்டிப் பிணத்தைச் சிதைத்தார்கள். நூலை வைத்திருந்த பேரர்கள் தண்டனைக்கு உள்ளானார்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): மருமகள் சீனப் பெண். பேரனுக்குத் தமிழ்ப் பெயரோடு ‘ஜியாமிங்’ என்ற சீனப் பெயரும் வைக்கச் சம்பந்தி வீட்டார் விரும்புகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நல்ல பெயர். ‘ஜியா’ எது என்று முதலில் கேளுங்கள். வீடு, குடும்பம் என்ற ஜியாவாக இருந்தால் ‘குடும்பத்தின் வெளிச்சம்’, குலவிளக்கு என்று நாம் சொல்வதற்கு மிக அருகில். சிறப்பு, மேன்மை என்ற ஜியாவாகவும் இருக்கலாம். (வீட்டு ஜியாவில் கூரைக்குக் கீழே நிற்பது பன்றி. அந்தக் காலத்துச் செல்வம் அது; கூச்சப்பட வேண்டாம்.)

அடுத்தது, எந்தக் குடும்பப்பெயரோடு சேர்கிறது என்பது. சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னால் வரும். மூன்றையும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘மிங்’ என்று ஒற்றைப் பெயர் வைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். ‘வூ’ என்ற குடும்பப்பெயரோடு மிங் சேர்ந்தால், எழுத்து எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும், ஒலி ‘பெயரில்லாதவன்’ என்ற சொல்லோடு தொனி உட்பட அப்படியே பொருந்தும். ‘துவான்’ என்ற குடும்பப்பெயரோடு சேர்ந்தால் ‘அற்பாயுசு’ என்பதை நினைவூட்டும். தொனி வேறுதான், ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொனி பார்த்தா கேலி செய்கிறார்கள்? ‘சியாவ் மிங்’, சின்ன மிங், என்பதும் காதில் விழும். அது சீனப் பள்ளிக் கணக்குகளில் ஐந்து ஆப்பிள் வாங்கி இரண்டைத் தின்றுவிடும் பையனின் பெயர். நகைச்சுவைத் துணுக்குகளிலும் அவன்தான். அதனால் கெடுதல் இல்லை.

கோடுகளை எண்ணி ராசி பார்ப்பவரிடம் சம்பந்தி வீட்டார் போகக்கூடும். பழமையான சாத்திரம் என்று சொல்லப்படும் அந்த முறை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானில் குமாசாகி என்பவர் வகுத்ததிலிருந்து பரவியது. மிங்குக்கு எந்த வடிவத்தில் எண்ணினாலும் எட்டுதான், அதில் சண்டை வராது. மற்ற எழுத்துகளில் எளிய வடிவத்தை எண்ணுவதா பழைய வடிவத்தை எண்ணுவதா என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எங்களைக் கேட்டால் வாய்க்கு இதமாக இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயன்.

தமிழ்ப் பெயரைப் பொருளோடு பொருத்தலாம்: கதிர், சுடர், பிரகாஷ். ஒருவருக்கே இரண்டு பெயர் வைத்து இரண்டின் பொருளையும் ஒத்திசைய விடுவது சீனத்தில் பழைய முறை. மூன்று அரசுகள் காலத்து அமைச்சர் சூகே லியாங்கின் இயற்பெயர் ‘லியாங்’ பளிச்சென்ற ஒளி. வயதுக்கு வந்தபின் சூட்டிய மரியாதைப் பெயர் ‘கோங்மிங்’. ‘மிகவும் வெளிச்சமான’ என்று பொருள்.

கேள்வி (ஈப்போ): பெண் குழந்தைக்கு மிங் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஒற்றையாக வந்தால் ஆண்பெயர்போல் ஒலிக்கும். ‘மிங்ஜூ’ என்றால் ஒளிரும் முத்து, பெண்பெயர்தான். பேரரசி வூ செதியென் ஒரு படி மேலே போனார். 689இல் தனக்கென்றே ஒரு புது எழுத்தை வழக்கில் விட்டார்: மேலே மிங், கீழே வானம். ‘ஜாவ்’ என்று ஒலிப்பு. வானத்தின் மேல் சூரியனும் நிலவுமாக நின்ற அந்த எழுத்தை அவருக்குப் பிறகு பெயராக வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை என்றே சொல்லலாம்.

கேள்வி (ஜொகூர் பாரு): நண்பர் பெயர் ‘செங் பெங்’ மாதிரி ‘ஏதோ பெங்’. செல்லமாக ‘ஆ பெங்’ என்று கூப்பிடலாமா?

பதில்: அவர் வீட்டில் பாட்டி அப்படித்தான் கூப்பிடுவார், ‘ஆ’ சேர்ப்பது நெருக்கத்தின் அடையாளம். ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘ஆ பெங்’ என்பது, தலைமுடிக்குச் சாயம் பூசி, வண்டிச் சத்தத்தால் தெருவை எழுப்பும் ரவுடித்தனமான இளைஞனுக்கும் பட்டப்பெயர். நீங்கள் கூப்பிட்டால் பாட்டியின் குரலில் கேட்காது. முழுப் பெயரையோ அவரே சொல்லும் பெயரையோ பயன்படுத்துங்கள்.